எந்த வயலை நிரப்புவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரக் கணினிப் பகுதியில், "உதவிக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை, படித்தாலே பாதித் தொல்லை தீரும்" என்று எழுதியிருந்தீர்கள். படித்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

புதுவயலில் பலகாரம் போட்டு விற்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கம்ப்யூட்டரில் பில் போடுவதும் நானேதான். போன ஏப்ரல் 1ஆம் தேதி, சென்னையில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சீப்புச் சீடையும் அதிரசமும் கட்டி வைத்துவிட்டு, பில் போடும் சாஃப்ட்வேரில் புதுக் கணக்குக்குப் புது பில் எண் கொடுத்தேன். கடைப் பெயர், வருஷம், எண் என்று வரிசையாகத்தான் அடித்தேன். "செல்லாத மதிப்பு. சரியான வயலை நிரப்பவும்" என்றது. ஊர்ப் பெயரிலேயே வயல் இருக்கிறது, எனக்குப் புரிந்திருக்க வேண்டும்தான்! ஆங்கிலத்தில் அந்தக் கட்டத்துக்கும் நெல் விளையும் வயலுக்கும் 'ஃபீல்ட்' என்று ஒரே சொல்லாம். மெஷின் மொழிபெயர்த்ததை ஒரு மனுஷர்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

உதவிப் பக்கத்துக்குப் போனேன். "பில் எண்ணை மாற்ற, பில் எண் மாற்று என்பதை அழுத்தவும்." அதை அழுத்திவிட்டுத்தானே ஐயா இங்கே வந்து நிற்கிறேன்? அதற்கும் கீழே, "உங்கள் சிஸ்டம் அட்மினைத் தொடர்புகொள்ளவும்." இந்தக் கடையில் அட்மினும் நான்தான், பாகு காய்ச்சுவதும் நான்தான். கூரியர்த் தம்பி வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆடிட்டர்தான் போனில் சொன்னார்: "பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது ஆச்சி, ஜிஎஸ்டி விதி." என்னுடையது சாய்கோடெல்லாம் சேர்த்து 19. அந்த 16 என்ற எண்ணை அந்த உதவிப் பக்கத்தில் போட எவ்வளவு இடம் பிடித்திருக்கும்?

இது இன்று நேற்று வந்த தொல்லையும் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன்னால், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தமிழில் அடித்த விலைப்பட்டியலை இன்னொரு சென்டரில் திறந்தால் ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கும். எழுத்துருவும் கூடவே வேண்டும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அப்போதாவது புத்தகம் என்று ஒன்று இருந்தது. இப்போது உதவி முழுக்க நெட்டில். நெட் வராவிட்டால் என்ன செய்வது என்ற பக்கமும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் சின்னப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடையையே நடத்தும் மேலாளாகத் திரும்பியவர். எந்த வரவை எந்த ஏட்டில் எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்களாம். அந்தப் பையனை யாரும் "படிக்காதவன்" என்று பத்திரிகையில் எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் கடைசி வார இதழில், புது நிதியாண்டுக்குப் பில் எண்ணை மாற்றுவது எப்படி என்று அரைப் பக்கம் போடுங்கள். எந்தப் பதிப்புக்கு என்பதையும் போடுங்கள், என்னுடையது பழையது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பலகாரக் கடைக்காரி,
புதுவயல்.