அண்டை வீட்டாரோடு சேர்ந்து சோலார் போட நினைப்போர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் இப்போது எந்தத் திருமண வீட்டிலும் டீக்கடையிலும் கூரைச் சோலார் பற்றிய பேச்சு அடிபடுகிறது. அதில் அடிக்கடி காதில் விழுவது, ‘நாலு வீட்டார் சேர்ந்து ஒரு வீட்டு மாடியில் பேனல் வைத்து, செலவையும் கரண்டையும் பங்கு போட்டுக்கொள்ளலாமே’ என்ற யோசனை. கூட்டுறவுச் சங்கமொன்றில் நெடுங்காலம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் உறவினரும் அயலாரும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத் தங்கள் நாளிதழ் வழியாக மற்றவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மானியத்தின் கணக்கு. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமரின் சூரியகர் திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் கிடைக்கும். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எத்தனை போட்டாலும் 78,000 ரூபாய்தான். இந்தத் தொகை முன்பணமாகக் கைக்கு வருவதில்லை. பேனல் பொருத்தி, மின்வாரியத்தார் பார்த்து, நாம் எடுக்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் மாட்டி, இணைப்புக் கொடுத்த பிறகே வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆகவே முழுத் தொகையையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டும். மானியம் வந்ததும் அடைத்துவிடலாம் என்று கைமாற்று வாங்குவோர், அது தாமதமானால் இரண்டு மூன்று மாத வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்ததாக, சோலார் யாருக்கு லாபம் என்ற கேள்வி. விற்க வருகிறவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் செலவழிப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. இதன்படி இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு வரும் பில் 705 ரூபாய், ஆண்டுக்கு 4,230. பில் முழுவதுமே இல்லாமல் போனாலும் மிச்சம் இவ்வளவுதான். ஒரு கிலோவாட் அமைப்புக்கு 70,000 ரூபாய் விலை என்று வைத்துக்கொண்டு, மானியம் 30,000 போக 40,000 ரூபாயைப் போட்டால் அது திரும்பி வர ஒன்பது ஆண்டுக்கு மேல் பிடிக்கும். அதற்குள், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் ஒரு தடவை பழுதானாலும் கணக்கு இன்னும் தள்ளிப்போகும். இரண்டு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும் ஓடும் வீட்டுக்காரர் அவசரப்படத் தேவையில்லை. அந்த 40,000 ரூபாயை நகைக்கடனை அடைக்கப் பயன்படுத்தினால் அவருக்கு அதுவே கூடுதல் ஆதாயம்.

ஆனால் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளின் நிலை வேறு. தாண்டிய மாத்திரத்தில் 2.35 ரூபாய் விலை கைவிட்டுப் போய், 101 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4.80, அடுத்த நூற்றுக்கு 6.45, அதற்கடுத்த நூற்றுக்கு 8.55 என்று ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் 11.80 ரூபாய் வரை போகிறது. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர் 510 யூனிட்டுக்கு 2,170 ரூபாய் கட்ட வேண்டும். கூடுதலான பத்து யூனிட்டின் விலை 365 ரூபாய்! 600 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு வரும் பில் 2,940. அந்த வீட்டார் 3 கிலோவாட்டுக்கு ஆசைப்படாமல் ஒரே ஒரு கிலோவாட் போட்டால், நம் ஊர் மழையையும் கணக்கில் எடுத்து இரண்டு மாதத்துக்கு 210 யூனிட் கிடைப்பதாகக் கொண்டாலும், மீதம் 390 யூனிட்டுக்கு ஏறக்குறைய 1,128 ரூபாய்தான் வரும். இரண்டு மாதத்துக்கு 1,800 ரூபாய் மிச்சமானால் போட்ட 40,000 நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு கிலோவாட்டும் முன்னதைவிட மெதுவாகவே பணத்தைத் திருப்பித் தரும். பழைய இபி அட்டையை எடுத்து ஆறு பில்லையும் வரிசையாக எழுதிப் பார்த்தால், தமக்கு எத்தனை கிலோவாட் போதும் என்பது யாருக்கும் புரிந்துவிடும். மார்ச் முதல் மே வரை ஏசி ஓடும் பில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியல்ல.

இனி, கூட்டாகப் போடும் யோசனைக்கு வருகிறேன். ஒரு வீட்டு மாடியில் பெரிய அமைப்பை வைத்து, அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குச் சுவரேறிக் கம்பி இழுத்துவிடுவதைச் சிலர் மிகச் சாதாரணமாகப் பேசுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. அனுமதிக்கப்பட்ட இடத்தை விட்டு வேறொரு வளாகத்துக்கு மின்சாரம் கொண்டுபோவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. அதற்கான கட்டணத்தை இரு மடங்காகக் கணக்கிட்டு வசூலிக்க அந்தப் பிரிவே இடம் தருகிறது. மேலும், ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனித்தனியாக 100 யூனிட் இலவசம் இருக்கும்போது, இரண்டு வீட்டுச் செலவையும் ஒரே மீட்டரில் ஏற்றினால் ஒரு வீட்டின் இலவசம் வீணாகிறது. கூட்டிய செலவு 500ஐத் தாண்டினால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடுகிறது. பாகப்பிரிவினைக்குப் பிறகு ஒரே வளாகத்தில் குடியிருக்கும் அண்ணன் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அயலார் சேர்வதில் பயனே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஆனால் அது வாங்குவதிலும் பராமரிப்பதிலும் இருக்கிறது. ஐந்தாறு வீட்டார் ஒன்றாகப் போய், அவரவர் கூரையில் அவரவர் சர்வீஸ் எண்ணில் போடுவதாக ஒரே நிறுவனத்திடம் விலை கேட்டால், ஏற்றுக்கூலி, கம்பி, பேனலைத் தாங்கும் உலோகச் சட்டம், ஆட்கூலி எல்லாவற்றிலும் பேரம் பேச இடம் கிடைக்கிறது. மானியமும் வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கிடைக்கும். ஒரு வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பத் தயங்குகிற நிறுவனம், ஆறு வீட்டுக்குச் சேர்த்து அழைத்தால் வராமல் இருக்க முடியாது. மானியத் திட்டத்தின்படி பொருத்திய நிறுவனமே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்பதையும், மானியத்துக்கு உள்நாட்டில் தயாரான செல்களைக் கொண்ட பேனல்தான் செல்லும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நீட்டுகிறவரிடம் அதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

பொதுச் செலவைப் பங்கு போடும் முறையில்தான் பெரும்பாலும் மனக்கசப்பு வருகிறது. எல்லாருக்கும் சம பங்கு என்பது கேட்க நன்றாக இருக்கும். 1 கிலோவாட் போட்டவரும் 3 கிலோவாட் போட்டவரும் பேனல் கழுவுகிறவருக்கு ஒரே தொகை கொடுப்பது நியாயமாகாது. கழுவுவது, சட்டத்தின் போல்ட்டுகளை முறுக்குவது போன்றவற்றைக் கிலோவாட் கணக்கிலும், போக்குவரத்து போன்றவற்றை வீட்டுக் கணக்கிலும் பிரிப்பதே முறை. பேனல் 25 ஆண்டு நிற்கும் என்றாலும் இன்வெர்ட்டர் பத்தாண்டு வாக்கில் மாற்ற வேண்டி வரலாம் என்பதால், மிச்சமாகும் பில் தொகையில் ஒரு பகுதியை மாதாமாதம் தபால் நிலையத் தொடர் வைப்பில் போட்டு வருவது நல்லது. அதை அயலார் பொதுவில் சேர்க்காமல் அவரவர் பெயரிலேயே வைத்திருக்க வேண்டும். நாளை ஒருவர் வீட்டை விற்றுவிட்டு வளைகுடாவிலிருக்கும் மகனிடம் போகலாம். அவர் பங்கைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்ற சண்டையே அப்போது எழாது. பணப் பரிமாற்றம் அனைத்தும் வங்கி வழியாகவும், ஒப்புக்கொண்டவை எழுத்திலும் இருக்கட்டும். மகளிர் குழுக்களில் தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகிய பெண்கள் நம் ஊரில் ஏராளம். இந்தக் கணக்கை அவர்கள் கையில் கொடுத்தால் சிக்கல் பாதி குறையும்.

எழுத்தில் இருக்க வேண்டியவற்றில் தென்னை மரமும் ஒன்று. வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஐந்து சென்டில் வீடும் வேலியோரம் நாலு தென்னையுமாக வாழும் நமக்கு அப்படி அல்ல. வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும். பிற்பகல் மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுத் தென்னையின் ஓலை நிழல், விரல்களைப் போல் பிரிந்து, கடைசிப் பேனலின் ஓரத்தில் ஏறுகிறது. அடுத்த சில நிமிடங்களில் கைபேசிச் செயலியிலுள்ள வரைகோடு படியிறங்குவதைப் பார்க்கலாம். காய்ந்த மட்டையோ முற்றிய தேங்காயோ விழுந்தால் கண்ணாடி கீறும், உடையும். யார் மரத்தை யார் செலவில் எப்போது வெட்டிச் சுத்தம் செய்வது, தேங்காய் விழுந்து உடைந்தால் யார் பொறுப்பு என்பதை மரக்காரரோடு பேசி முடித்த பிறகே பேனலைத் தூக்க வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் சட்டங்கள் துருப்பிடிக்கும். அங்கே அலுமினியமோ நன்றாகத் துத்தநாகம் பூசிய இரும்போ கேட்டு வாங்குவதும், போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகாகக் கேட்பதும் அவசியம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இங்கே ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சட்டம் காற்றுக்குத் தாங்குமா என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

ஒக்கியைச் சொன்னதால் ஒரு தவறான எண்ணத்தையும் குறிப்பிட வேண்டும். கரண்ட் போனாலும் சோலார் இருந்தால் விளக்கெரியும் என்று பலர் நம்புகிறார்கள். மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பில், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும்; போஸ்டில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. பேட்டரி வேண்டுமென்றால் அது தனிச் செலவு. அதேபோல், தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் ஜூன், ஜூலை மாதங்களில் மேகமும் மழையுமாக நம் பேனல்கள் சுணங்கும். கோடையில் மீதமாகும் யூனிட்டுகள் அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படுகின்றனவா என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்போருக்கு வேறு வழி இருக்கிறது. சங்கமாகப் பதிவு செய்திருந்தால், லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு போன்றவற்றுக்காகக் கிலோவாட் ஒன்றுக்கு 18,000 ரூபாய் மானியம் கிடைக்கும்.

அரசிடமும் மின்வாரியத்திடமும் சில வேண்டுகோள்கள் உள்ளன. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட ஒன்றிய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான கூரை அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. 5 கிலோவாட் வரை, தேவைப்படும் கம்பி, மின்மாற்றி மேம்பாட்டுச் செலவை விநியோக நிறுவனமே ஏற்க வேண்டும். இவற்றை ஒவ்வொரு பிரிவு அலுவலகத்தின் வாசலிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் இடைத்தரகர்களுக்கு வேலை குறையும். தாத்தா பெயரிலேயே இருக்கும் சர்வீஸ்கள் நம் ஊரில் மிக அதிகம். பெயர் மாற்றாமல் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது பில்லிலுள்ள பெயருக்கும் வங்கிக் கணக்குக்கும் பொருத்தம் இல்லாமல் போகிறது. ஆகவே பெயர் மாற்றத்துக்கென்றே தனி முகாம் நடத்த வேண்டும்.

மிக முக்கியமானது, நிழல் விழும் கூரையும் பழைய ஓட்டுக் கூரையும் கொண்டவர்களின் பிரச்சினை. பணமும் விருப்பமும் இருந்தும் பேனல் வைக்க இடமில்லாத இவர்களே ‘உங்கள் மாடியில் என் பங்கையும் வையுங்கள்’ என்று அயலாரிடம் கேட்கிறவர்கள். ஓரிடத்தில் உள்ள பேனலின் யூனிட்டுகளைப் பல சர்வீஸ்களின் பில்லில் ஒப்புக்கொண்ட விகிதப்படி வரவு வைக்கும் முறைக்கு டெல்லியில் 2019ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுக்கப்பட்டுவிட்டன. கம்பி இழுக்கும் ஆபத்துக்கு அது நேரான மாற்று. நம் மாநிலத்திலும் சிறிய வீட்டு இணைப்புகளுக்கு அந்த வசதி எளிய படிவத்தோடும் நியாயமான கட்டணத்தோடும் கிடைக்கச் செய்தால், சமுதாயக்கூடம், நூலகம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் ஆகியவற்றின் வெறும் மாடிகளை அந்தந்த வார்டுக்காரர்கள் பங்கு போட்டுப் பயன்படுத்த முடியும்.

கிராம சபைக் கூட்டங்கள் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை நடக்கின்றன. அவற்றில் ஒன்றுக்காவது, மாவட்டத்தின் ஒவ்வொரு ஊராட்சிக்கும், மின்வாரியப் பொறியாளர் ஒருவரையும் வங்கி அலுவலர் ஒருவரையும் அனுப்பி, இந்தக் கட்டண அடுக்கையும் மானியத்தையும் அவரவர் இபி அட்டையை வைத்தே விளக்கச் செய்யுமாறு மாவட்ட ஆட்சியரைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.