கம்பெனிச் சூடு

தம்பி,

தக்காளி விலை விழுந்துவிட்டது. இந்த வாரம் பாலக்கோடு மண்டிக்கு நான் போகவில்லை. செவலை கன்று போட்டிருக்கிறது. மற்றதை அம்மா போனில் சொல்லுவாள், நீ எடுத்தால்.

ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோது உன் பையில் புண்ணுக்குத் தடவும் களிம்பு இருந்தது. கம்பெனிச் சூடு என்றாய். அம்மா நம்பி வெந்தயம் ஊறவைத்தாள். ஒகேனக்கலில் எல்லோரும் குளிக்க, நீ மட்டும் பாறைமேல் உட்கார்ந்திருந்தாய். அப்போதும் நான் கேட்கவில்லை.

சூடாகவே இருக்கட்டும். டாக்டரிடம் காட்டு. மெடிக்கலில் வாங்கித் தடவாதே. வலிக்கவில்லை என்று விட்டுவிடாதே. ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் காசு வாங்க மாட்டார்கள், யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். உனக்கு 18 முடிந்துவிட்டது, அப்பா கையெழுத்து தேவையில்லை. கூச்சமாக இருந்தால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் போன் செய். களிம்பு மட்டும் தடவாதே.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்த பிள்ளை நீ. ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து நாளாக ஒரு போன் எடுக்க முடியவில்லையா?

சூடு என்று நானும் சொன்னவன்தான். கல்யாணத்துக்கு முன்னால் லாரி ஓட்டும்போது எனக்கும் மறைவிடத்தில் புண் வந்தது. வலியே இல்லை. இன்ஜின் சூடு என்றேன், களிம்பு தடவினேன், சில வாரத்தில் ஆறியது. களிம்பில் ஆறவில்லை, அது தானாகவே ஆறும், நோய் ரத்தத்தில் தங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. நீ வயிற்றில் மூன்றாம் மாதம். அம்மாவின் ரத்தத்தில் மேகநோய், அதாவது சிபிலிஸ், இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். தலைகுனிந்து நின்றாள். பக்கத்திலேயே நின்ற நான் வாய் திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் பென்சிலின் போட்டார்கள். நீ நல்லபடியாகப் பிறந்தாய். என்னால்தான் வந்தது என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்டதில்லை.

உன் பக்கத்திலும் ஒரு பெண் இருந்தால் அவளிடம் மறைக்காதே. அவளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உனக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்ப வரலாம். இனி ஆணுறை இல்லாமல் கூடாது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை லீவு போடு. காலை எட்டு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் நீ மட்டும் போ, நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன்.

அப்பா