அழைப்பிதழைப் படமாக ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் கம்பாசிட்டராக இருந்தவன் நான். பெயருக்கு முன்னால் போடும் விலாச எழுத்துகளே அரை வரி பிடிக்கும் கல்யாணப் பத்திரிகைகளை ஈய எழுத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்திருக்கிறேன். இந்த வயதில் பேத்தியிடம், இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல். படிக்கிறேன்.

பாடத்துக்கு என் வீட்டுக்காரியின் வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொண்டோம். உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கிற மட்டும் கொட்ட வேண்டும், அதுதான் அளவு. வரிக்கு வரி என்டர் தட்டி, நோட்பேடில் அழகாக அடித்துச் சேமித்தேன். பிரவுசரில் திறந்தால் அரிசி, உளுந்து, உப்பு, எண்ணெய்ச் சட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. “ஐயா, எத்தனை என்டர் தட்டுனாலும் அதுக்கு ஒரு இடைவெளிதான். இது பத்தின்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள் பேத்தி.

அதைச் சொல்லத்தான் குறிகள். பத்தி தொடங்கும் இடத்தில் பி என்ற குறி, முடிகிற இடத்தில் சாய்கோடு போட்ட பி. சாமான்களின் பட்டியலுக்கு யூஎல், அவற்றில் முன்பின் கிடையாது. செய்முறைப் பட்டியலுக்கு ஓஎல், எண் தானாக விழும், நடுவில் ஒன்றைச் செருகினாலும் தானே திருத்திக்கொள்ளும். (எங்கள் காலத்தில் அப்படிச் செருகினால் பக்கத்தையே பிரித்துக் கட்ட வேண்டும்.) தலைப்புக்கு எச்1 போட்டு, முடிக்க மறந்தேன். மிளகாய்த் துவையல் வரைக்கும் கொட்டை எழுத்து!

எச்1, எச்2 என்றால் 24 பாயிண்ட், 18 பாயிண்ட் மாதிரி என்றுதான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்தின் அளவைப் பிறகு எப்படியும் மாற்றிக்கொள்ளலாமாம். இது தலைப்பு, இது அதில் அடங்கிய உட்தலைப்பு என்று கணினிக்குச் சொல்வதுதான் அந்தக் குறிகளின் வேலை.

கணினிக்கு அது எதற்கு? அச்சகத்தில் என்னோடு கேஸ் (ஈய எழுத்துப் பெட்டி) முன்னால் நின்ற நண்பருக்குக் கண் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது. கணினி வாசிக்க, அவர் கேட்பார். என்விடிஏ என்ற இலவச மென்பொருளில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். எழுத்தைத் தடிமனாக்கித் தலைப்பு மாதிரி காட்டியிருக்கும் பக்கத்தில் தாவ இடமில்லை, ஆதியோடந்தமாகக் கேட்டாக வேண்டும். போன மாதம் இங்கே ஒரு கோயிலில் பத்து நாள் திருவிழா. அழைப்பிதழைப் போட்டோ எடுத்து அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். தேர் என்றைக்கு என்று அவர் தேடினார். ‘கிராஃபிக்’ என்று சொல்லிவிட்டுக் கணினி வாயை மூடிக்கொண்டது.

இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட முதல் எச்.டி.எம்.எல். பட்டியலில் 18 குறிகள்தான். தலைப்பு, பத்தி, பட்டியல் மூன்றும் அதிலேயே இருந்தன. ஓர் அழைப்பிதழுக்கு வேறென்ன வேண்டும்? கோயில் கமிட்டிக்காரர்களும் ஊர்ச் சங்கத்தாரும் படித்துக்கொள்ள, உங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் அரைப் பத்தி ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பாடத்துக்குப் பணியாரக் குறிப்பை அனுப்பிவைக்கிறேன். எச்1-ஐ முடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்,
தேவகோட்டை