கேள்வி கேட்பது அவிசுவாசம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விசுவாசத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்று வலியுறுத்தித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய கருத்து வேதத்துக்கே ஒவ்வாதது என்பதால் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் அண்மையில் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, இயேசுவைச் சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி வேளையில் என்று மாற்கு தம் சுவிசேஷத்தில் எழுதியிருக்க, ஆறாம் மணியளவிலும் அவர் ஆளுநர் பிலாத்துவின் முன் விசாரணையில் நின்றதாக யோவான் தம் சுவிசேஷத்தில் எழுதியிருப்பது எப்படி என்று கேட்டாள். இரண்டு பக்கங்களிலும் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தாள். கூட்டத்தை நடத்தியவர், "சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்" என்று யாக்கோபின் வசனத்தைச் சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டார். அந்த வசனத்துக்கு முந்தின வசனமோ, ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் யாரையும் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்கிறது. கடிந்துகொள்ளும் உரிமையை நாம் எங்கிருந்து பெற்றோமோ தெரியவில்லை.

அவளுடைய கேள்வி புதியதும் அல்ல, ஆபத்தானதும் அல்ல. இருவரும் நேரத்தைக் கணக்கிட்ட முறை வேறு என்பார் சிலர்; யூதரின் பஸ்கா பண்டிகைக்கான ஆயத்தநாளைக் குறிப்பிடும் யோவான், இயேசுவின் மரணத்தை அப்பண்டிகைக்குப் பலியிடப்படும் ஆட்டுக்குட்டியோடு இணைத்துக் காட்டவே நேரத்தை அப்படி அமைத்தார் என்பார் வேறு சிலர். பத்து நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். எந்த விளக்கமும் முழுமையாகத் திருப்தி தரவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தாலும் அவளுடைய விசுவாசம் குலைந்திருக்காது.

"உன் சுயபுத்தியின்மேல் சாயாதே" என்ற நீதிமொழியையும் அந்த வாசகர் எடுத்துக்காட்டியிருந்தார். அதற்கு முந்தைய அதிகாரம், புத்தியைச் சத்தமிட்டு அழைக்கவும் புதையலைத் தேடுவதுபோல் தேடவும் சொல்கிறது; புத்தியில் தற்பெருமை கொள்ளாதே என்று சொன்னதை, புத்தியையே பயன்படுத்தாதே என்று நாம் படிக்கிறோம். அப்போஸ்தலனாகிய பவுல் தெசலோனிக்கே பட்டணத்தில் மூன்று ஓய்வுநாள்கள் வேதவாக்கியங்களிலிருந்து நியாயங்களை எடுத்துப் பேசினார். அடுத்து அவர் சென்ற பெரோயா பட்டணத்தார், அவர் சொன்னது சரிதானா என்று தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காகவே அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் புகழ்கிறது. அப்போஸ்தலரையே சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பாராட்டு அது.

நான் கத்தோலிக்கன் அல்லன். ஆயினும் இன்றைய தாய்லாந்திலுள்ள ஆயுத்தியாவில் 1665-இல் தொடங்கி 1808-இல் பினாங்குக்கு வந்த அவர்களது குருமடத்தை நினைத்துப் பார்க்கிறேன். குருமாணவர்கள் இறையியலுக்கு முன் மெய்யியல் பயில வேண்டும் என்பது அத்திருச்சபையின் ஏற்பாடு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினாஸ், கடவுள் இருக்கிறார் என்று நிறுவப் புகுமுன் கடவுள் இல்லை என்பாரின் வாதங்களைத்தான் முதலில் எழுதி வைத்தார். எதிர்வாதத்துக்கு அவர் அஞ்சவில்லை.

எழுத்தறியாத நம் பாட்டிமாரின் ஜெபத்துக்கு இந்தப் படிப்பெல்லாம் தேவைப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பேத்தி, அறைத்தோழிகள் கேட்கும் கேள்விகளுக்குப் பாட்டியின் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

நம் போதகர்களில் பலர் இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் சபை வரலாறும் கற்றவர்கள். அந்தப் படிப்பைப் பிரசங்க பீடத்துக்கும் கொண்டுவர வேண்டுமென்றும், மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்குப் பின் அரை மணி நேரம் இளையோரின் கேள்விகளுக்கென ஒதுக்க வேண்டுமென்றும் தங்கள் நாளேட்டின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஜெலுத்தோங், பினாங்கு