அந்தக் குரல் யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

1952-ல் வந்த 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற ஹாலிவுட் இசைப்படத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன், சந்தோஷமாக இருந்தது. ஆனால் கட்டுரை முழுக்க நாயகன் ஜீன் கெல்லி மழையில் ஆடுவதைப் பற்றித்தான். அது அருமையான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் உயிரே ஸ்டுடியோவுக்குள் நடக்கும் கூத்தில் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

கதை நடப்பது 1927-ல், பேசும் படம் வந்து மௌனப் படக்காரர்கள் எல்லோரும் ஆடிப்போன நேரம். ஜீன் ஹேகன் நடித்த லீனா லமாண்ட் பெரிய நட்சத்திரம், ஆனால் வாயைத் திறந்தால் கீச்சுக் குரல். முதலில் மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பேச, பாதி வசனம் காணாமல் போகிறது. சரி என்று உடைக்குள் வைத்துத் தைத்தால், வசனத்துக்கு மேலே அவருடைய இதயத் துடிப்பு திடும் திடும் என்று கேட்கிறது. அப்புறம் ஸ்டுடியோ முதலாளி உள்ளே வந்து, தரையில் கிடக்கும் ஒயரைப் பார்த்து இது என்ன ஆபத்து என்று பிடித்து இழுக்க, மறுமுனையில் லீனா தலைகுப்புற விழுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. கதைப்படி லீனாவுக்காகத் திரைமறைவில் பாடுகிறவள் கேத்தி, அதாவது டெபி ரெனால்ட்ஸ். கடைசியில் நாயகனும் நண்பர்களும் திரையை இழுத்துத் தூக்கி, பாடுவது யார் என்று அரங்கத்துக்கே காட்டிவிடுகிறார்கள். ஆனால் கேத்தி லீனாவுக்காக ஒலிப்பதிவு செய்கிற அந்த மெதுவான பாட்டில் நம் காதில் விழும் குரல் டெபி ரெனால்ட்ஸுடையதே அல்ல, பெட்டி நோய்ஸ் என்ற பாடகியுடையது. அவர் பெயர் டைட்டிலில் எங்குமே கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தக் காட்சி வந்தாலே எனக்கு மனது கனத்துவிடுகிறது, ஏனென்றால் ஒருத்தியின் குரலைத் திருடுவது அநியாயம் என்று ஒரு முழுப் படமே சொல்கிறது, அதற்குக் குரல் கொடுத்தவரையோ யாரும் திரை விலக்கிக் காட்டவில்லை. படத்தை எடுத்த எம்.ஜி.எம். அன்றைக்கு ஒரு வரி சேர்த்திருக்கலாம், அதில் என்ன குறைந்துபோயிருக்கும்?

இதற்காகப் படத்தை வெறுக்கச் சொல்லவில்லை, எனக்கு அது உயிர். நடிகர்கள், இயக்குநர்கள் எல்லோருடைய பெயரையும் தேடிப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது பெட்டி நோய்ஸ் பெயரையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்