வயலின்கள் பிறகுதான் வந்தன

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் வந்த ஜாஸ் கிட்டார் கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி பற்றிய பத்தியில் ஒரு வரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிற்காலத்தில் அவரை வயலின் கூட்டத்துக்கு நடுவே உட்காரவைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். ஜாஸ் ரசிகர்கள் பல வருஷமாகச் சொல்லிவரும் புகார்தான் இது, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. 1967-ல் வந்த ஆல்பத்தில் மனிதர் பாப் பாட்டு மெட்டை ஒரு முறை வாசித்துவிட்டுக் கிளம்பிப் போவது போலத்தான் எனக்கும் கேட்கிறது, அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1965-ல் வெர்வ் இசைத்தட்டுக் கம்பெனிக்குச் செய்த ‘பம்பின்’ ஆல்பத்தையும் அதே மூட்டையில் கட்டிப் போட்டதுதான் பொறுக்கவில்லை.

முதலில் அந்தப் ‘பிற்காலம்’. ரிவர்சைட் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது 1959-ல், ஸ்ட்ரிங்ஸோடு, அதாவது வயலின் மாதிரியான தந்தி வாத்தியக் கூட்டத்தோடு, முதல் ஆல்பம் செய்தது 1963-லேயே, மாரடைப்பில் இறந்தது 1968-ல், 45 வயதில். பிற்காலம் என்று ஒன்று அவருக்கு எங்கே இருந்தது?

அப்புறம் ‘பம்பின்’ எப்படி உருவானது என்ற கதை. வெஸ்ஸுக்குத் தாளில் எழுதிய நோட்ஸ் படிக்கத் தெரியாது, எல்லாமே கேள்வி ஞானம். முறையாகப் படித்துவிட்டு வந்த வயலின்காரர்கள் எதிரே தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஏற்கெனவே எழுதிவைத்த இசைக்குள் போய்ப் பொருந்த வேண்டும் என்றதும் மனிதருக்குக் கை ஓடவில்லை. எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதித் தரும் அரேஞ்சர் டான் செபெஸ்கி அதைப் புரிந்துகொண்டு வேலையையே தலைகீழாக்கினார். நீங்கள் சின்னக் குழுவோடு உங்கள் இஷ்டத்துக்கு வாசியுங்கள், நான் அதைச் சுற்றி எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பியானோவில் ரோஜர் கெல்லவே, பாஸில் பாப் கிரான்ஷா, டிரம்ஸில் கிரேடி டேட், நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. அவர்கள் வாசித்து முடித்த பிறகுதான் வயலின்களுக்கான இசையே எழுதப்பட்டது. அதாவது வயலின்களுக்கு நடுவில் இவரை உட்காரவைக்கவில்லை, இவர் விட்ட இடத்தில் அவை வந்து உட்கார்ந்துகொண்டன. கவனித்துக் கேட்டால் இது காதுக்கே தெரியும், அவர் மூச்சு விடும் இடத்தில் எழும்பி, அவர் பேசத் தொடங்கியதும் தணிந்துவிடும்.

இன்னொன்று, அந்த மென்மை ஏதோ வயலின்களால் வந்தது போலக் கட்டுரையில் தொனிக்கிறது. இல்லை சார், அது கட்டைவிரல். இண்டியானாபொலிஸில் பகலில் ஃபேக்டரி வேலை, ராத்திரியில் பயிற்சி, ஆம்ப்ளிஃபயர் சத்தத்துக்கு அக்கம்பக்கத்துப் புகார், அதனால் தந்தி மீட்டும் வில்லையான பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டைவிரலின் சதையால் மீட்டத் தொடங்கியவர். அவருடைய பிரபலமான ஆக்டேவ் உத்தியை நானும் ஒரு ராத்திரி பத்து மணிக்கு முயன்று பார்த்தேன். ஐந்தாம் தந்தியில் மூன்றாவது கட்டம், மூன்றாம் தந்தியில் ஐந்தாவது கட்டம், இரண்டிலும் ஒரே ஸ்வரம், ஒன்று மட்டும் மேல் ஸ்தாயியில், நடுவில் இருக்கும் தந்தியை ஆள்காட்டி விரலின் அடிப்பக்கத்தால் ஊமையாக்கிவிட்டு, கட்டைவிரலால் மூன்றையும் சேர்த்து ஒரே வழிப்பாக வழிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தோல் எரிய ஆரம்பித்துவிட்டது, வேகமோ மாட்டுவண்டி வேகம். பக்கத்து வீட்டிலிருந்து புகார் எதுவும் வரவில்லை என்பது மட்டும்தான் லாபம்.

கட்டுரையாளர் வானளாவப் புகழ்ந்திருக்கும் நியூயார்க் ஹாஃப் நோட் கிளப் கச்சேரிப் பதிவு இருக்கிறதே, பியானோக்காரர் விண்டன் கெல்லியின் குழுவோடு வாசித்தது, அது 1965 ஜூனில் எடுத்தது. ‘பம்பின்’ பதிவானது மே மாதம். ஒரே ஆள், ஒரு மாத இடைவெளி. மே மாதம் கெட்டுப்போனவர் ஜூனில் எப்படித் தேறினார் என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

‘பம்பின்’ குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்லவில்லை. அதில் வரும் ‘தி ஷேடோ ஆஃப் யுவர் ஸ்மைல்’ எனக்கும் கொஞ்சம் திகட்டும், பாயசத்தில் சர்க்கரை தூக்கலாகிவிட்ட மாதிரி. ஆனால் ‘மி கோசா’ என்று அவரே இயற்றிய ஒன்று இருக்கிறது. அதில் கிட்டார் அவசரமே இல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொள்வது போல நகரும். கார் ஸ்பீக்கரில் கேட்டால் ஒன்றும் பிடிபடாது, வீடு அடங்கிய பிறகு ஹெட்போனில் கேட்க வேண்டும். அதே ஆல்பத்தில், டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி இயற்றிய ‘கான் அல்மா’வையும் தவறவிடாதீர்கள்.

உங்கள் பெட்டிச் செய்தியில் கேட்க வேண்டிய பத்து ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பதினொன்றாவதாக இதையும் அடுத்த இதழில் சேர்த்துவிடுங்கள். அந்த ‘ஷேடோ’வை வேண்டுமானால் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பழைய சந்தாதாரர் ஒருவர்,
திருச்சி