சாறு உறிஞ்சி என்ற ஒரே பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேப்ப மரங்கள் கருகுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தென்னை வெள்ளை ஈயைப் போல, வேம்பைக் கருக்கும் பூச்சியும் சாறு உறிஞ்சிதான் என்று ஒரு வரி இருந்தது. தப்பில்லை. ஆனால் அதே பேச்சை நம்பி நான் காசை விட்டிருக்கிறேன்.

ஆனைமலைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் தென்பட்டதே 2016-ல், எங்கள் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். இந்த ஈ ஓலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து, மயிரிழை போன்ற ஊசியைச் செல்களின் இடுக்கு வழியாக நுழைத்து, மரம் சர்க்கரையைக் கடத்தும் குழாயில் கொண்டுபோய்க் குத்தும். வழியில் உள்ள செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். பாளையைச் சீவினால் நீரா சொட்டுகிறதே, குழாயில் ஓடுவது அந்தச் சாறுதான். அழுத்தத்தோடு இருப்பதால் ஈ சிரமப்பட்டு உறிஞ்ச வேண்டியதில்லை. அதில் சர்க்கரை ஏராளம், தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக நிறையக் குடித்துவிட்டு, மிச்சச் சர்க்கரையைக் கழித்துவிடுகிறது. அந்தப் பிசுபிசுப்பு கீழ் ஓலையின் மேல் விழ, கரும்பூசணம் படர்கிறது. பூசணம் ஓலைக்குள் நுழையாது, வெயிலைத்தான் மறைக்கும். ஈரத்துணியால் துடைத்தால் அடியில் பச்சை அப்படியே இருக்கும்.

வேம்பில் நடப்பது வேறு. தேயிலைக் கொசு (பெயர்தான் கொசு, உண்மையில் நாவாய்ப்பூச்சி இனம்) குழாயைத் தேடி அலைவதில்லை. துளிரில் ஊசியைக் குத்திச் செல்களைக் கிழித்து, எச்சிலைப் பாய்ச்சி, கரைந்த கூழைக் குடிக்கும். செல்லுக்குள் தனித்தனியாக இருந்த பொருள்கள் ஒன்றாகக் கலந்து காற்றுப் பட்டுக் கறுக்கின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுக்கிறதே, அதே கதைதான். இந்தக் கறுப்பைத் துடைக்க முடியாது, அங்கே செல்லே செத்துவிட்டது. காயத்தில் பூஞ்சையும் சேர்ந்தால் கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும்.

உரக்கடையில், "ரெண்டும் சாறு உறிஞ்சிதானுங்க" என்று சொல்லி, வேம்புக்குக் கொடுத்துவந்த மருந்தையே என் தென்னைக்கும் கொடுத்தார்கள். அடித்தேன். வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற பொடிக் குளவியும் அதில் செத்துப்போயிருக்க வேண்டும். இரண்டே மாதத்தில் ஈ முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அப்புறம் வேளாண் அலுவலர் ஒருவர் சொன்னபடி, லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய பசைத் தண்ணீரைத் தெளித்தேன். காய்ந்ததும் பூசணம் செதில் செதிலாக உரிந்தது. ஈ வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் ஒட்டுப்பொறியும் கட்டினேன். வாசல் வேம்பை ஒன்றும் செய்யாமல் விட்டேன். மழைக்குப் பிறகு அதுவாகத் துளிர்த்தது.

அடுத்த முறை பூச்சியின் பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள். கடையில் கேட்க எங்களுக்கு அது போதும்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
ஆனைமலை